புளூடூத் இசை ஏற்பி
கைப்பேசியின் சங்கீதத்தைக் கம்பியின்றி வாங்கிப் பழைய கார் ஸ்டீரியோவுக்கோ வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கோ அளிக்கும் சிறு சாதனம். ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனான புளூடூத் முறை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரத்துக்குள் இயங்குவது. வீட்டில் ஆம்ப்ளிஃபயரின் பின்புறமுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளிலும் (ஃபோனோ எனக் குறித்தவை இசைத்தட்டுக் கருவிக்கே உரியவை), காரில் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளையிலும் இதனைச் செருகுவர். காரின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் பெறுகையில், எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் ரீங்காரமொன்று கேட்குமாயின், அது பெரும்பாலும் ஏற்பியின் தோஷமன்று. மின்சாரக் கம்பியும் ஒலிக் கம்பியும் தனித்தனியே எர்த்தோடு சேர்வதால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் இசையில் கலப்பதேயாம். ஆக்ஸ் கம்பியின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரைப் பொருத்த அது அடங்கும். ஆக்ஸ் துளையற்ற வண்டிகளுக்கு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் உண்டெனினும், வானொலி நிலையங்கள் மலிந்த நகரங்களில் அது சுகப்படுவதில்லை.