டப்பாவுக்குள் ஒரு சீன விருந்து

"படிப்பு முடிஞ்சதும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்டா!" நம் விடுதி மொட்டைமாடியில் இதைச் சொல்லாதவர் யார்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த இரு நண்பர்கள் செய்தே காட்டினார்கள். வாலி ஸ்மித் டெட்ராய்ட் மளிகைக்காரர். இல்ஹான் நியூ கொரியாக்காரர். பாசிப்பயறு முளையை அடைத்து விற்க 1922-ல் 'லா சாய்' கம்பெனியைத் தொடங்கினார்கள். பெயர் சீனச் சாப்பாடு. இருவரில் ஒருவர்கூடச் சீனர் இல்லை! நியூ 1926-ல் தாயகத்தில் யூஹான் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் போட்டிக்கு வந்த 'சுன் கிங்' முதலாளி ஜெனோ பாலுச்சி இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. 1966-ல் கம்பெனியை 6.3 கோடி டாலருக்கு விற்றார். கெட்டிக்காரர்தான்!

ஆக, இந்தச் சாப்பாட்டில் நாமும் கைவைத்தால் தப்பில்லை. வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தபோது நான் கைவைத்தேன்.

சிக்கல் சூட்டில்தான். டப்பாவை ஏறக்குறைய 121 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பொல்லாத கிருமி சாகும். முளையின் 'நறுக்'கும் கூடவே செத்துப்போகும். குழம்பையும் காயையும் தனித்தனி டப்பாவாக ஒட்டி விற்றும் போன 'நறுக்' திரும்பவில்லை.

அதனால் டப்பாக் காயை வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். சட்டி புகையும்போது இஞ்சி, பூண்டு, கொஞ்சம் புது முட்டைக்கோஸ் வதக்கி, குழம்பை ஊற்றுங்கள். கொதித்தபின் காயைப் போட்டு ஒரே பிரட்டு. வறுத்த நூடுல்ஸைத் தட்டில்தான் தூவணும். சட்டியில் போட்டால் ஊறிப்போகும்.