நாரி நோவும் இரண்டு வைத்தியங்களும்

நாரி நோவை அறியாத பத்திரிகையாளர் அரிது. மேசையின் முன் குனிந்திருந்தே வயதைப் போக்கிய தொழில் நமது. அமெரிக்காவில் இந்நோவோடு வருவோருக்குக் கைரோபிராக்டிக், அக்குபங்சர் ஆகிய இரண்டையும் ஒருங்கே வழங்கும் நிலையங்கள் பல உள. முன்னையது முள்ளந்தண்டைக் கையால் அழுத்திச் சீர்செய்வது. பின்னையது மெல்லிய ஊசிகளை ஏற்றுவது. இரண்டும் அங்கு ஏற்கப்பட்ட கதை வெவ்வேறானது.

1895 இல் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில், டி. டி. பாமர் என்பவர் செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கும் திறனை மீட்டதாகக் கூறினார். செவிக்குரிய நரம்போ முள்ளந்தண்டின் வழியே செல்வதில்லை! ஆயினும் கைரோபிராக்டிக் அங்கிருந்தே தொடங்கிற்று. அனுமதிப்பத்திரமின்றி வைத்தியம் செய்தமைக்காகப் பாமர் 1906 இல் சிறை சென்றார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963 இல் இதனை ஒழிக்கவெனக் குழுவொன்றையே அமைத்தது. செஸ்டர் வில்க்கும் வேறு சில கைரோபிராக்டர்களும் 1976 இல் தொடுத்த வழக்கில், சங்கம் வர்த்தகப் போட்டிச் சட்டத்தை மீறியதென 1987 இல் தீர்ப்பாயிற்று. வைத்தியம் விஞ்ஞானபூர்வமானதா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

அக்குபங்சரை அமெரிக்கர் பலருக்கு அறிமுகஞ்செய்தவர் வைத்தியரல்லர், பத்திரிகையாளர். நியூயோர்க் ரைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்ரன் 1971 ஜூலையில் பீக்கிங் சென்றிருந்தபோது குடல்வால் அழற்சிக்குள்ளானார். வழமையான ஊசிமருந்தால் விறைக்கச்செய்தே சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் ஏற்பட்ட வயிற்று உபாதைக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசிகள் ஏற்றப்பட்டன. ஜூலை 26 இல் அவரது கட்டுரை வெளிவந்தது. அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஆனால் ஊசி ஏற்றியே வயிற்றைக் கிழித்தார்கள் என்ற கதை அதன்பின் பல இடங்களில் அச்சேறியது. மூலத்தை வாசியாமல் எடுத்தெழுதும் பழக்கம் நமது தொழிலின் பழைய நோய். அதற்கு எந்த ஊசியும் கிடையாது.

நாரி நோவுக்கு இவை உதவுமா? ஜேர்மனியில் 1,162 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2007 இல் வெளியாயிற்று. முறையான அக்குபங்சரால் 47.6 சதவீதத்தினர் நலமடைந்தனர். உரிய புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 சதவீதத்தினர், வழமையான சிகிச்சை பெற்றோரில் 27.4 சதவீதத்தினர். ஊசி உதவியதென்பாரும், எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்பாரும் இதே ஆய்வைக் காட்டுவர்.

வழிகாட்டல்களும் முரண்படுகின்றன. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016 இல் அக்குபங்சரை விலக்கியது. முள்ளந்தண்டுச் சிகிச்சையைத் தேகப்பயிற்சியுடன் சேர்த்து மாத்திரம் ஏற்றது. மறு ஆண்டே அமெரிக்க வைத்தியர் கல்லூரி இரண்டையும் மருந்துக்கு முன்பாகவே பரிந்துரைத்தது. வலிநிவாரண அபின் மாத்திரைகளுக்கு ஆயிரமாயிரம் பேர் பலியாகிக்கொண்டிருந்த காலம் அது.

முதியோருக்கான மெடிகெயர் திட்டம் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைரோபிராக்டிக்கையும், 2020 ஜனவரியில் நாட்பட்ட நாரி நோவுக்கு மட்டும் அக்குபங்சரையும் ஏற்றது. 90 நாட்களில் 12 தடவைகள் ஊசி ஏற்றலாம். ஆனால் கைரோபிராக்டரே ஊசி ஏற்றினால் திட்டம் பணம் தராது; முள்ளந்தண்டைக் கையால் சீர்செய்வதற்கு மட்டுமே அவருக்குக் கொடுப்பனவு உண்டு.