தணிகை வட்டாரச் செப்பேடுகளில் மேட்டு நிலமும் நீர்வரத்தும்

தொண்டைமண்டலத்து ஏரிப்பாசன வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஏரிக்கரையோடு நின்றுவிட்டனர். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளையும் அவை கூறும் ஏரி வாரியத்தையும் சுட்டாத நூல் அரிது. மடை, தூம்பு, கலிங்கு ஆகியன பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், ஏரிக்கு நீர் எந்நிலத்தினின்று வந்தது, அந்நிலம் எவர் ஆட்சியில் இருந்தது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்பட்டிலது. திருத்தணி வட்டாரத்துச் சாசனங்களைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

தணிகை, நகரி மலைகளுக்குத் தெற்கே பாறைக் குன்றுகள் நிறைந்த நிலத்தில் அமைந்தது. குன்றின் சரிவிற் புல்லும் புதரும் இருப்பின் மழைநீர் மெல்ல ஊறி இறங்கும். இன்றேல் மண்ணை அரித்துக்கொண்டு ஏரியின் உள்வாயிற் சென்று படியும். ஆதலின் ஏரி தூர்ந்துபோதற்குரிய காரணத்தைக் கரையிலன்று, சரிவிலேயே தேடல் வேண்டும். இங்கு ஓடும் நந்தியாறு குசத்தலையாற்றிற் கலக்கின்றது. குசத்தலையாற்றின் நீரைத் தேக்கிச் சென்னைக்கு வழங்குவது 1944 இற் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கம். எனவே இச்சரிவுகளின் நிலை தணிகையார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

இனிச் சாசனங்களைக் காண்பாம். தணிகையை அடுத்த வேலஞ்சேரியில் 1977 இற் கிடைத்த செப்பேடுகள் இரு தொகுதியின: ஒன்று பல்லவன் அபராசிதவர்மனுடையது, மற்றொன்று முதற் பராந்தகனுடையது. முன்னையது தணிகை முருகன் கோயிலுக்கு அளித்த நிலக்கொடையைக் கூறுவது. தணிகைக்குக் கிழக்கேயுள்ள திருவாலங்காட்டிற் கிடைத்த செப்பேடுகள், முதல் இராசேந்திரனது ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் அவ்வூர்ச் சிவன் கோயிலுக்குரியதாக்கப்பட்டதை உரைக்கின்றன. பழையனூர் இருந்த நாடு ‘மேன்மலைப் பழையனூர் நாடு’ எனப்படுதல் கருதத்தக்கது.

இத்தகைய சோழர் செப்பேடுகளில் கொடைக்குரிய ஊரின் உள்ளடக்கம் நீண்ட பட்டியலாக வரும். நீர்நிலமும் புன்செயும் மட்டுமன்று. கன்றுமேய்பாழ், காடு, களர், குளம், ஆறு, ஆறிடுபடுகை என விளைவு தாராத நிலங்களும் அதில் அடங்கும். உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் எனப் பட்டியலை முடிப்பதும் அக்கால மரபு. இதனை வழக்கமாக வரும் வாய்பாடென்று தள்ளிவிடுவர். யான் அங்ஙனம் கருதவில்லை. உடும்பு வறண்ட மேட்டுக்குரியது; ஆமை நீர்ப்பள்ளத்துக்குரியது. இரண்டையும் ஒருங்கே கூறியதனால், மேடு முதற் பள்ளம் ஈறாக ஊர் ஒரே உடைமையாகக் கைமாறிற்று என்பது பெறப்படும். புறத்தார் கிளைக்கால் வெட்டுதலும், கூடையாலும் சிற்றேற்றத்தாலும் நீர் இறைத்தலும் ஆகா என்னும் விதிகளும் அக்காலச் செப்பேடுகளில் உடன் வருகின்றன. நீரைப் பெறும் உரிமையும் நீர் வரும் நிலத்தின் உரிமையும் ஒரு கையில் இருந்தன.

இதனால் முன்னோர் சூழலைப் பேணுங் கொள்கையினர் என்று முடிவு கட்டுதல் மிகையாகும். ‘காடுவெட்டி’ என்பது பல்லவர்க்குப் பெருமைதரும் பட்டப்பெயராக இருந்தது. செப்பேடு கூறுவது வரியும் உரிமையுமேயன்றிக் காட்டின்பால் அன்பன்று. மேட்டை மொட்டையாக்கினால் அதன் கேடு பள்ளத்திலுள்ள தம் வயலையே தாக்கும் நிலை இருந்தது, அவ்வளவே.

இவ்வொருமை பிற்காலத்திற் சிதைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் தணிகை கார்வேட்டிநகர் ஜமீனில் அடங்கியிருந்தது. சென்னை மாகாணத்து ஜமீன்கள் 1948 ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் இரயத்துவாரி முறைக்கு மாறின. இரயத்துவாரிக் கணக்கில் வயல் பட்டாவாயிற்று. ஏரி ஏரிப் புறம்போக்காயிற்று. மேடு மேய்க்கால் புறம்போக்காகவோ தரிசாகவோ எழுதப்பட்டது. தரிசு ஒப்படைக்குரியது, ஒப்படைப்போர் கீழேயுள்ள ஏரியை நோக்கவேண்டிய கடப்பாடு இல்லை. 2007 இல் இயற்றப்பெற்ற ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் ஏரியின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுதலையே நோக்கமாகக் கொண்டது.

எல்லைப் பிரச்சினையிலும் இதுவே நேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாகவும், பட்டாஸ்கர் பரிந்துரையை ஒட்டியும், 1960 ஏப்பிரல் 1 இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊரை அலகாகவும் மொழியை அளவாகவும் கொண்ட தீர்வு அது. அதன் நேர்மையைத் தமிழர் எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் நீரோட்டம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இன்று கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்தின் மதகுகள் ஆந்திர எல்லைக்குள் திறக்கப்படுகின்றன. வெள்ளம் பள்ளிப்பட்டு வழியாகப் பூண்டிக்கு வருகின்றது.

பழையனூர் இன்றும் அப்பெயரோடு இருக்கின்றது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் எல்லைப் பகுதி வாய்க்காலும் ஏரியும் சுட்டி மிக விரிவாக அமைந்தது. அதனை அவ்வட்டாரத்து நில அளவைப் படங்களோடு ஒப்பிட்டு, செப்பேட்டில் ஊரோடு சேர்ந்திருந்த மேடுகளுள் எவை இன்று எப்பெயரால் எழுதப்பட்டுள்ளன என்று காணும் பணி முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்கது.