மூத்த மருத்துவர்களின் தொடர் கல்வி

படிப்பை முடித்த மருத்துவர்கள் தம் அறிவையும் கைத்திறனையும் ஓய்வுபெறும் வரை புதுப்பித்துக்கொள்வதே தொடர் மருத்துவக் கல்வி. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘சி.எம்.இ.’ என்பார்கள்.

அனுபவம் கூடக்கூடச் சிகிச்சையும் மேம்படும் என்பது பொது நம்பிக்கை. 62 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2005இல் வெளியான கட்டுரை வேறு விதமாகச் சொன்னது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், பணியாண்டு ஏற ஏறச் சிகிச்சைத் தரம் குறைந்திருந்தது. புதியதைக் கற்பதைவிடக் கை பழகியதை விடுவதுதான் மூத்தவர்களுக்குக் கடினம்.

பாம்புக்கடி இதற்குத் தக்க சான்று. தென்னந்தோப்பும் கரும்புக்காடும் ஆனைமலை அடிவாரமும் சூழ்ந்த, திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை வட்டாரத்துக்கு இது அன்றாடக் கவலை. நச்சுமுறி மருந்து போடும் முன் சிறிதளவு ஊசியேற்றி ஒவ்வாமை பார்ப்பது பழைய பழக்கம். அது நேரத்தை வீணாக்குகிறதே தவிர ஆபத்தை முன்னறிவிப்பதில்லை என்பதால் இன்றைய நெறிமுறைகள் அதைக் கைவிட்டன. அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு நேரடியாக மருந்தைத் தொடங்க வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே அம்மருந்து தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் கடித்தால் அம்மருந்தை நம்ப முடியாது. மலையடிவார மருத்துவர் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியதால் பதிவுசெய்யும் கடமையும் சேர்ந்துள்ளது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமாவது கல்விக் கூட்டங்களில் பங்கேற்கச் சொல்கின்றன. அக்கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. பிரிட்டனில் 2012 டிசம்பரில் தொடங்கிய மறுசான்று முறை மணிக்கணக்கோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் பணி மதிப்பீடு நடக்கிறது. சக மருத்துவர்கள், நோயாளிகள் கருத்தும் கேட்கப்படுகிறது.

உடுமலை மருத்துவருக்குப் பெரிய கருத்தரங்கு என்றால் பெரும்பாலும் கோவைக்குத்தான் பயணம். போகவர ஒரு நாள் புறநோயாளிப் பிரிவை விட வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கற்பிக்கும் மருத்துவமனையைத் தந்திருக்கிறது. ஆனால், உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவு மட்டும் சிகிச்சைப் பழக்கத்தை அதிகம் மாற்றுவதில்லை. தமிழ்நாடு முன்னோடியாக நடத்திவரும் மகப்பேற்று மரணத் தணிக்கை மாற்றுகிறது: இறந்த ஒவ்வொரு தாயின் கேஸ்ஷீட்டும் விரிக்கப்பட்டு, எந்த மணியில் எந்த முடிவு தாமதமானது என்று சிகிச்சையளித்தவர்கள் முன்னிலையிலேயே ஆராயப்படுகிறது.