கோட்டை சமவெளியில், குகை மலையில்

சென்ற வாரம் சோழவந்தானிலிருந்து வைகையோடு நடந்து மதுரைக்குள் நுழைந்தோம். புதிதாக இந்த ஊருக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாண்டியனும் நாயக்கரும் ஆண்ட தலைநகரம், கோட்டை எங்கே?" என்பதுதான். கோட்டை நம் காலடியில் கிடக்கிறது.

பழைய பாண்டியர் கோட்டையை விரித்து, 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் புதுக் கோட்டை கட்டினார். கொத்தளங்கள் 72. பாளையங்களும் 72. ஆளுக்கொரு கொத்தளம் பாளையக்காரர் காவலில் இருந்தது என்பது மரபு. அந்த மதிலின் வலிமை 1764-இல் தெரிந்தது. மருதநாயகம் என்று நாம் அழைக்கும் யூசுப் கானை உள்ளே வைத்து, ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபும் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். ஜூன் 26 அன்று நடந்த பெருந்தாக்குதல் தோற்றது. பீரங்கியால் முடியாததைத் துரோகம் முடித்தது. கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது.

பீரங்கிக்கு நின்ற மதில், ஒரு கலெக்டரின் உத்தரவுக்கு விழுந்தது. மதிலுக்குள் ஊர் நெருக்கியடித்துக் கிடந்தது, நோய் பரவியது. 1837 முதல் அந்தக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அந்த மண்ணாலும் கல்லாலும் அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அப்படிப் பிறந்தவைதான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி. மாசி வீதியைத் தாண்டி நீங்கள் நடக்கும் ஒவ்வொரு அடியும் பழைய கோட்டையின் விளிம்பு. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கொத்தளத்தின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையைப் பிரித்து எடுத்துப் போனார். பின்னாளில் சென்னை கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்திராவிட்டால் அரண்மனையில் எஞ்சிய சொர்க்க விலாச மண்டபமும் மிஞ்சியிருக்காது. அருகில் பத்துத்தூண் சந்துக்குள் போய்ப் பாருங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே கூரையைத் தொலைத்த பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. இரண்டு ஆள் சேர்ந்தும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன்.

ஜெர்மனியின் ரைன் ஆற்றில் படகில் போனால் கரையோரக் குன்றுதோறும் கோட்டை தெரியும். அங்கே பிரபுக்கள் உயரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வைகைச் சமவெளியில் மன்னன் கோட்டையை மண்ணில் கட்டினான். ஊரைச் சுற்றிய குன்றுகள் பலவற்றைச் சமணத் துறவிகளிடம் விட்டான். இந்த மண்ணின் பெருமையே இதுதான் என்பேன்.

அதை நேரில் காணக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போக வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேல் பாறை விளிம்பில் பாகுபலியும் பார்சுவநாதரும் மகாவீரரும் வரிசையாக இருக்கிறார்கள். கீழே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்து. அதற்கும் மேலே ஏறினால் பாண்டியர் காலச் சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அங்கே நின்று திரும்பிப் பாருங்கள். தென்கிழக்கே திருப்பரங்குன்றம், கிழக்கே மீனாட்சி கோயில் கோபுரங்கள், வடக்கே நீண்டு படுத்த நாகமலை. அதற்கு அப்பால் வைகை. காலையில் ஏறுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும்.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மீனாட்சிபுரம் மலை இதைவிட மிகப் பழையது. பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலனான கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்குச் செய்துகொடுத்த கற்படுக்கையை அங்கே தமிழி எழுத்து சொல்கிறது. அந்த எழுத்தை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. 2022-இல் அரிட்டாபட்டியோடு சேர்த்து இப்பகுதியைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. மேலூர் வட்டார ஊர்கள் திரண்டு 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தே வந்தன. அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், பெண்கள் ஏராளம்.

அடுத்த வாரம் யானைமலை.