பிணை நிற்பவர் யார்? கொட்டிவாக்கத்திலிருந்து வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தல்

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கம் மீனவர் குப்பம். அதை நெருக்கிக்கொண்டு அடுக்ககங்கள். கொஞ்ச தூரத்தில், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், அதைத் தாண்டினால் ஐ.ஐ.டி. தெற்கே போகப் போக அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1 அல்லது 15 என்பதால், ஆடி கழிந்ததும் இந்த வட்டாரத்தில் ‘அப்ளிகேஷன் சீசன்’ தொடங்கிவிடும். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 1,96,567 பேர் மேற்படிப்பில் இருந்தவர்கள். அந்த எண்ணிக்கைக்கு 600041 என்ற அஞ்சல் குறியீடும் தன் பங்கைச் செலுத்தியிருக்கும். குறியீட்டுக்குள் எந்தத் தெரு என்பதுதான் கேள்வி.

விண்ணப்பம் மாணவரின் தகுதியை அளக்கிறது என்பது பொது நம்பிக்கை. விண்ணப்பக் கட்டைப் பிரித்துத் தாள் தாளாகப் பார்த்தால் வேறு ஒன்று புலப்படும். மாணவர் தன் கையால் நிரூபிப்பவை அதில் குறைவு. அவருக்காகப் பிறர் பொறுப்பேற்பவையே அதிகம். அறிவுக்கு ஒரு பிணை, பணத்துக்கு ஒரு பிணை. இவ்விரண்டும் யாருக்கு எளிதில் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் பயணம் முடிவாகிறது. சேர்க்கை முறையில் அண்மைக் காலத்தில் வந்த சீர்திருத்தங்கள் நல்லெண்ணத்தோடு வந்தவை. ஆனாலும் அவை இந்தப் பிணையின் எடையைக் கூட்டிவிட்டன என்பது என் வாதம்.

சென்னையிலிருந்து போன விண்ணப்பங்களில் மிகப் புகழ்பெற்றதையே எடுத்துக்கொள்ளலாம். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது இராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர், எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். இன்றைய இணையப் படிவம் எதுவும் அவரை முதல் பக்கத்தைத் தாண்ட விடாது. கடிதத்தோடு வைத்த தேற்றங்களே அவரைக் கரைசேர்த்தன என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிதான். கேம்பிரிட்ஜின் வேறு இரு கணித அறிஞர்களிடம் உதவி கேட்டும் அவருக்குப் பயன் இருக்கவில்லை. உள்ளூரில் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயரும் அவருக்காகப் பேசினார்கள். அந்த பிப்ரவரியில் சென்னை வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இராமானுஜனின் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. 1914 தொடக்கத்தில் சொற்பொழிவு நிகழ்த்த வந்த ஈ. எச். நெவில், பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் பயணச் செலவும் முடிவாயின. மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் புறப்பட்டது.

இதில் வாக்கரின் கடிதம் தனியே கவனிக்கத்தக்கது. அந்தக் கணிதப் பிரிவுகளில் தனக்குத் தேர்ச்சி இல்லை, ஆகவே இவருடைய திறமையைத் தன்னால் உறுதியாக மதிப்பிட முடியாது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். தன் சாட்சியத்தின் எல்லையைச் சொல்லும் சாட்சியம். இராமானுஜனுக்காகப் பேசிய ஒவ்வொருவரும் அவருடன் பழகியவர்கள், அல்லது குறைந்தபட்சம் குறிப்பேட்டைப் புரட்டியவர்கள். பரிந்துரை என்ற ஏற்பாட்டின் அடிப்படையே அந்தப் பழக்கம்தான்.

வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதை இதைவிடச் சுலபமானது. மயிலாப்பூர் வீடு, மாநிலக் கல்லூரி, சித்தப்பா சி. வி. இராமன். 1928-இல் சென்னை வந்த சோமர்ஃபெல்டை நேரில் போய்ப் பார்த்துப் பேசினார். ஃபௌலர் வழியாக ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியாயிற்று. 1930-இல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேதைமை போய்ச் சேர வேண்டிய காது நடந்துபோகும் தூரத்தில் இருந்தது என்கிறேன். 1950-களின் பிற்பகுதியில் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் இல்லமான ஏகாம்ர நிவாஸில் நடத்திய இயற்பியல் கருத்தரங்கும் அதே வகை. நீல்ஸ் போர் 1960-இல் அங்கே வந்தார். 1962-இல் பிறந்த கணித அறிவியல் நிறுவனத்துக்கு அந்த வரவேற்பறைதான் மூலம். வெளிநாட்டுப் பேராசிரியர் வீடு தேடி வந்து கரும்பலகையில் எழுதும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவருக்குத் தனியே பரிந்துரைக் கடிதம் எதற்கு?

இனி, இன்றைய இணைவுக் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு வகுப்புக்கு வருவோம். ஒரு பிரிவில் 60 பேர்; ஆசிரியருக்கு இரண்டு மூன்று பிரிவுகள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்று எல்.ஓ.ஆர். (பரிந்துரைக் கடிதங்கள்) வேண்டும். துறைத்தலைவர், ப்ராஜெக்ட் கைடு, இன்னொரு பாட ஆசிரியர் என்று மாணவி பட்டியல் போடுவார். “நீயே எழுதிட்டு வாம்மா, பார்த்துட்டு அனுப்பிடுறேன்” என்பது அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில். மாணவி மூன்று கடிதங்களையும் எழுதுகிறார். ஒரே கை என்று தெரியக் கூடாதே என்று துறைத்தலைவருக்கு நீண்ட வாக்கியம், கைடுக்குச் சிறிய வாக்கியம் என்று நடையைப் பிரித்துக் கொடுக்கிறார். பிறகு படிவம் ஆசிரியரின் அலுவல் மின்னஞ்சலைக் கேட்கும். அவரிடம் இருப்பதோ சொந்த ஜிமெயில். அதைத் தாண்டினால் கட்டங்கள்: இந்த மாணவரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்கள், உடன் படித்தவர்களில் முதல் 5 விழுக்காட்டிலா, 10-லா, 25-லா? வாக்கரால் ஒளிக்காமல் சொல்ல முடிந்த அந்த ‘உறுதியாக மதிப்பிட முடியாது’ என்ற பதிலை எழுதினால் இன்று விண்ணப்பம் செத்துவிடும். ஆகவே எல்லோரும் முதல் 5 விழுக்காடு.

ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரோடு பேச மாணவருக்கு நான்காண்டுகளில் கிடைத்த நேரம் எவ்வளவு, அவர் மேல் சுமத்தப்பட்ட வேலை எவ்வளவு என்று பார்த்தால் விளங்கும். சில கிலோமீட்டருக்கு அப்பால் ஐ.ஐ.டி.யிலோ நிலைமை வேறு. அங்கே கடிதம் எழுதும் பேராசிரியர் பல நேரங்களில் அமெரிக்கத் துறை ஒன்றிலேயே முனைவர் பட்டம் வாங்கியவர். ‘இரண்டு வருடம் முன்பு உங்களிடம் வந்தாரே, அவருக்கு இவர் குறைந்தவரல்லர்’ என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இணைவுக் கல்லூரியின் மூன்று பக்கத்தை விழுங்கிவிடும்.

இந்த இடைவெளியில் ஒரு காலம்வரை, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு ஒரு வேலை செய்தது. கணிதப் பகுதியில் 170-க்கு 168 என்ற எண்ணுக்குக் கல்லூரிப் பெயர் தெரிய வேண்டியதில்லை. இப்போது பல துறைகள் அதைக் கைவிட்டோ விருப்பத்துக்கு விட்டோ வைத்திருக்கின்றன; 2023 செப்டம்பரில் தேர்வே இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. கைவிட்டவர்கள் சொல்லும் காரணம் அற்பமானதன்று. கட்டணம் 220 டாலர். 2017-இல் வெளியான வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வு, உயிர்மருத்துவ முனைவர் படிப்பை யார் முடிப்பார்கள் என்பதை ஜி.ஆர்.இ. மதிப்பெண் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று காட்டியது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது ஏற்கெனவே சேர்க்கப்பட்டவர்களை. வாசலுக்கு வெளியே நிற்பவர்களில் யாரைக் கவனிக்காமல் விட்டோம் என்பதை அதனால் சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குள் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு அந்தத் தேர்வு ஒரு தடை. பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கும் நம் மாணவிக்கோ யாருடைய தயவும் இல்லாமல் அவர் காட்டக்கூடிய ஒரே தாள் அது. ஆங்கிலச் சொல்வளப் பகுதியின் அபத்தங்களும், அடையாறிலும் தி. நகரிலும் கோச்சிங்குக்குக் கட்டும் பணமும் எனக்குத் தெரியாதவை அல்ல. எனினும் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடிதத்தை வைப்பதை நீதி என்று ஏற்க முடியவில்லை. கடிதங்களின் லட்சணமும் ஆராயப்பட்டதுதான்: புவி அறிவியல் முதுமுனைவர் நல்கைகளுக்காக 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 பரிந்துரைகளை அலசிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு, மிகச் சிறந்த தரக் கடிதம் பெறும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறக்குறைய பாதிதான் என்று கண்டது.

மாணவர் தன் நோக்கத்தைச் சொல்லி எழுதும் எஸ்.ஓ.பி. பற்றி நீட்ட வேண்டியதில்லை. அப்துல் கலாம் மேற்கோளில் தொடங்கிச் சிறுவயதில் ரேடியோவைப் பிரித்துப் பார்த்த கதைக்குப் போகும் அந்த வகைமையைக் கன்சல்டன்சிகள் நன்றாகவே வளர்த்துவிட்டன.

ஜெர்மனி வேறு வழியில் போகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அரசுப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலும் முதலில் பார்க்கப்படுவது பாடங்களின் பொருத்தமும் மதிப்பெண்ணும்தான். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்று கட்டாயம், சான்றிதழ்கள் உண்மையானவையா என்பதை அது சரிபார்க்கிறது. நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற ஒரு வாய்பாடு உண்டு: உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10-க்கு 8 சி.ஜி.பி.ஏ., தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும். எல்லையை 4 என்று கொண்டால் 2.0, 6 என்று கொண்டால் 2.5. ஜெர்மனியில் எண் குறையக் குறையத் தரம் கூடும். பல படிப்புகள் 2.5-இல் கோடு கிழிப்பதால், சான்றிதழின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தேர்ச்சி எல்லை ஒருவரை உள்ளேயும் வெளியேயும் தள்ளும். முரட்டுத்தனமான முறைதான். ஆனாலும் கணக்கு வெளிப்படையானது. யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. பணத்தில்தான் அதுவும் கைவைக்கிறது: விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும், அதை மாதம் 992 வீதம் எடுக்கலாம். ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே பதினோரு லட்சத்துக்கும் மேல் கையில் வேண்டும்.

இங்கே வங்கி வருகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் வேண்டும். இரண்டாண்டு அமெரிக்க எம்.எஸ். படிப்புக்கு அந்தத் தொகை முதல் செமஸ்டருக்கே போதாது. ஆகவே மேலாளர் கேட்பது: மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பெற்றோரின் வருமான வரித் தாக்கல். அடுக்ககத்தில் இருப்பவர் பீரோவைத் திறந்தால் முடிந்தது. சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் பட்டா கேட்டுத் தலைமுறைகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் அந்த நிலத்தின் மேல் இருக்கின்றன. கடலில் வரும் வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. இருநூறு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு மாணவிகள் ஒரே சி.ஜி.பி.ஏ. வைத்திருக்கலாம், ஒருத்தியின் வீடு வங்கியின் கண்ணுக்குச் சொத்து, இன்னொருத்தியின் வீடு அப்படி இல்லை. அடமானம் கேட்காத தனியார் நிதி நிறுவனங்கள் உண்டு. அவை பல்கலைக்கழகத்தின் தரவரிசையையும் இணை விண்ணப்பதாரரின் சம்பளத்தையும் பார்த்து, கூடுதல் வட்டியில் கொடுக்கும். அதாவது முதல் பிணை கிடைத்தவருக்கே இரண்டாவது பிணையும்.

அரசே பிணை நிற்பதும் உண்டு. தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இந்தியாவில் இத்தகைய ஏற்பாடுகளில் தாராளமானது என்று தயங்காமல் சொல்லலாம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. பிணை நிற்பவர் நிபந்தனை விதிப்பார் என்பதற்கும் அதுவே சான்று: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு நிதி இல்லை என்று 2022-இல் அதன் விதி மாறியது. அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனபோது அவருக்கும் நிபந்தனை இருந்தது. திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானப் பணி. ஆனால் இந்தியாவைப் பற்றி ஆய்வதை அது தடுக்கவில்லை. பண்டைய இந்திய வணிகம் பற்றி 1915-இலும், சாதியின் தோற்றம் பற்றி 1916-இலும் அவர் அங்கே எழுதினார். 2022 விதிப்படி இரண்டுக்கும் பணம் கிடைத்திருக்காது. கொட்டிவாக்கம் குப்பத்து மாணவியோ இவ்விரு திட்டங்களுக்குள்ளும் வரமாட்டார்: பட்டினவர் உள்ளிட்ட மீனவச் சமூகங்கள் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவை.

பணப் பிணையைச் சரிசெய்யச் சட்டமும் நிதியும் வேண்டும், அதற்கு நாளாகும். அறிவுப் பிணையில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே வினாத்தாள், பொதுவான விடைத்தாள் திருத்தம். ஒரு பாடத்தை மாநிலம் முழுவதும் எத்தனை ஆயிரம் பேர் எழுதினார்கள், அவர்களில் இந்த மாணவி எங்கே நின்றார் என்பது கிண்டியில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரியும். கல்லூரி ஆசிரியர் ஊகித்து நிரப்பும் அந்த ‘முதல் 5 விழுக்காடு’ கட்டத்துக்கு உண்மையான விடை அங்கே கிடக்கிறது. ஆனால் மாணவி அங்கிருந்து வாங்கி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டில் அது அச்சாவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, எழுதியவர் எண்ணிக்கை, அந்தத் தரநிலைக்கு மேல் பெற்றவர் எண்ணிக்கை என்று இரண்டு பத்திகள் சேர்த்தால், இதுவரை எந்தத் துறைத்தலைவரும் கொடுத்திராத பரிந்துரையைப் பல்கலைக்கழகமே கொடுத்ததாகும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இது பொருந்தாது. அங்கே வினாத்தாளும் திருத்தமும் உள்ளுக்குள்ளேயே. பெயர் பெற்ற கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தன்னாட்சி வாங்கிக்கொண்டு வருவதால், இந்தப் பத்திகளைச் சேர்ப்பதற்கான காலமும் குறைந்துகொண்டே வருகிறது.