மிதிவண்டி கண்ட பெங்களூர்

பெங்களூரின் பெருமை பேசுவோர் கெம்பே கவுடரைச் சொல்வர். லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் சொல்வர். 1905-ஆம் ஆண்டில் இந்நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததைச் சொல்வர். இளைஞராயின் கணிப்பொறியைச் சொல்வர். இந்நகரின் ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நெடுங்காலம் ஆள் சுமந்து சென்ற மிதிவண்டியைச் சொல்வார் அரியர். பாட்டனாரோ தந்தையாரோ சைக்கிள் மிதித்து வேலைக்குச் செல்லாத குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே. ஆதலின் அவ்வண்டியின் வரலாற்றையும், அஃது இந்நகரச் சாலைகளில் தன் இடத்தை இழந்த வகையையும் இம்மலரில் சிறிது கூற விழைகின்றேன்.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பார் செய்த இருசக்கர வண்டிக்கு மிதிகட்டையே இல்லை. காலால் தரையை உந்தியே செல்லவேண்டும். பின்னர் மிதிகட்டை வந்தது. அதனையடுத்து முன்சக்கரம் ஆள் உயரத்திற்கு வளர்ந்தது. ஏறியவர் தலைகுப்புற விழுவதும் வழக்கமாயிற்று. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, சக்கரங்களை ஏறத்தாழ ஒரே அளவாக்கிச் சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழலச் செய்தார். அதற்குப் 'பாதுகாப்பு மிதிவண்டி' என்றே பெயர் வழங்கிற்று. மூன்றாண்டு கழித்து டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். இன்று நாம் ஏறும் வண்டி ஏறக்குறைய அதுவே. அந்நாளில் ஆபத்து வண்டியில் இருந்தமையால் வண்டியைத் திருத்தினர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

பெங்களூர் அந்நாளில் ஒரே நகரமாக இருக்கவில்லை. மேற்கே பழைய பேட்டை. கிழக்கே 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டு. சென்னையை நோக்கி ஜோலார்பேட்டை வழியாக 1864-இல் இருப்புப்பாதை அமைந்தது. தண்டுப் பகுதியில், அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், தமிழர் பெருகி வாழ்ந்தனர். பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949-இல். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊராதலின் வெயில் கடுமையன்று. வியர்வை சிந்தாமல் காலையில் நாலு கல் மிதிக்கலாம். மேடுகள் உண்டு, இறங்கித் தள்ளிச் செல்வதில் யாருக்கும் நாணமில்லை.

மிதிவண்டியின் பொற்காலம் தொழிற்சாலைகளோடு வந்தது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் கடிகாரத்தால் பின்னர்ப் புகழ்பெற்ற எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவை யாவும் அந்நாளைய ஊருக்கு வெளியே அமைந்தவை. தொழிலாளர் பலரின் வீடுகளோ அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும். இடைப்பட்ட தொலைவைக் கடக்க, மாதச் சம்பளக்காரனுக்கு எட்டிய ஊர்தி சைக்கிள் ஒன்றே. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியதும் 1949-இல்தான். ஹெர்குலிஸ் வண்டி வீடுதோறும் நுழைந்தது. ஆலைச் சங்கு ஊதியதும் வாயிலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளமெனப் புறப்படும் என்றும், அந்நேரத்தில் மோட்டார் வண்டிக்காரர் ஓரமாக நின்று வழிவிடுவார் என்றும் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். விளக்கில்லாமல் சென்றாலும் இருவராக ஏறிச் சென்றாலும் காவலர் பிடிப்பர். அதற்கஞ்சிப் பின்னால் இருப்பவர் தெருமுனையில் குதித்து நடப்பதும், முனை திரும்பியதும் மீண்டும் ஏறிக்கொள்வதும் ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது! மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. இருக்கை எட்டாத சிறுவர் குரங்குப் பெடல் போட்டே அங்குத் தொழில் பயின்றனர்.

அக்காலத்தில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை வேண்டுமென்று தொழிலாளர் எவரும் கேட்கவில்லை. சாலையே அவர்களுடையதாக இருந்தது. மாட்டு வண்டி, குதிரை வண்டி, சைக்கிள், எப்போதோ ஒரு பேருந்து என்று யாவும் ஏறத்தாழ ஒரே கதியில் நகர்ந்தன. 1951-இல் இந்நகரின் மக்கள்தொகை எட்டு லட்சத்திற்கும் குறைவு. 2011-இல் அது 84 லட்சமாயிற்று. மோட்டார் வண்டிகளின் தொகையோ 2022-ஐ ஒட்டி ஒரு கோடியைத் தாண்டிற்று. சாலையை அகலமாக்க நடைபாதை குறைந்தது, நிழல் தந்த மரங்கள் வீழ்ந்தன, மேம்பாலங்கள் எழுந்தன. ஒருவழிப் பாதைகள் பெருகின. மோட்டார்க்காரருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது சில துளிப் பெட்ரோல். மிதிப்பவனுக்கு அது முழங்கால். வேகத்தின் கணக்கும் கொடியது: மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்த வண்டி 60-இல் வருமாயின், மோதும் ஆற்றல் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்.

கொல்கத்தாவில் 2013-இல் காவல்துறையினர் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தனர். பெங்களூரில் அத்தகைய ஆணை தேவைப்படவில்லை. அச்சமே அவ்வேலையைச் செய்து முடித்தது.

அச்சத்தை மக்கள் வெல்லமாட்டார்களா என்று கேட்கலாம். வென்றதுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் ஊராரின் ஏளனத்தை மீறிச் சைக்கிள் ஏறினர். அவர்கள் வெல்லவேண்டியிருந்தது ஊர்வாயை. கிராமத்துச் சாலை அவர்களுக்கு இடம் கொடுத்தது. பெங்களூரில் ஊர்வாய் தடுக்கவில்லை. லாரியின் சக்கரம் தடுக்கின்றது. இதனைத் துணிவு ஒன்றால் வெல்ல இயலாது.

இடத்தைத் திரும்பப் பெற முயற்சிகள் நடவாமல் இல்லை. ஜயநகர் விரிவாக்கத்திற்கு 1948-இல் அடிக்கல் நாட்டியவர் நம் இராஜாஜி அவர்கள். அங்கு 2012-இல் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்திற்குச் சைக்கிள் பாதைகள் வகுக்கப்பட்டன. நல்ல நோக்கம், அகலமான தெருக்கள், நிழல் மரங்கள், யாவும் இருந்தன. ஆயினும் சாலையோரத்தில் தீட்டிய வண்ணக்கோடு எவரையும் தடுக்கவில்லை. சில காலத்திலேயே அவ்விடம் கார்கள் நிற்கும் இடமாயிற்று. பின்னர் 2020-இல், தொற்றுநோய்க் காலத்தில், வெளிவட்டச் சாலையில் பட்டு வாரியச் சந்திப்பிலிருந்து லௌரி சந்திப்பு வரை 17 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டு, கோட்டுக்குப் பதில் சிறு கம்பங்களை நட்டனர். கோட்டினும் கம்பம் மேல்தான். ஆனால் அவை வளையும் பொருளால் ஆனவை. உடைந்தவை போக எஞ்சியவற்றின் இடையே ஸ்கூட்டர்கள் புகுந்தன. மெட்ரோ இரயில் வேலை வந்தபோது பாதையே மறைந்தது. என் கருத்தில் இவ்விரண்டும் தோற்றது சைக்கிள் விடுவோர் இல்லாமையால் அன்று. காவலற்ற இடத்தை வலியவர் எடுத்துக்கொண்டமையால். இருப்புப்பாதையில் வேலியும் கதவும் ஏன் வைத்திருக்கின்றோம் என்று எங்கள் துறையினரைக் கேட்டால் சொல்வர்.

இதே நோயில் வீழ்ந்து எழுந்த நாடு நெதர்லாந்து. 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,300 பேர் அளவில் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்ற பெயராலேயே பெற்றோர் இயக்கம் தொடங்கி வீதியில் இறங்கினர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்ததும் அரசினரும் செவிசாய்த்தனர். அங்கே வெறுங்கோடு போதுமென்று விடவில்லை: பெருஞ்சாலையில் கல்மேடையிட்டுப் பாதையைப் பிரித்தனர், குடியிருப்புத் தெருக்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்தனர், சந்திப்புகளைத் திருத்தினர். ஸ்டார்லி வண்டியைத் திருத்தியதுபோல் இவர்கள் சாலையைத் திருத்தினர் எனலாம். பிற்காலத்தில் அங்குச் சாலை மரணங்கள் ஆண்டுக்கு எழுநூறு அளவிற்கு இறங்கின. நம் நாட்டிலோ 2022-இல் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்தில் உயிரிழந்தனர்.

என் மகளின் பள்ளி எங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவு. பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிளைக் குடியிருப்பின் உள்தெருவிலேயே சுற்றிவருகின்றாள்; வெளிவாயிலைத் தாண்ட அவள் தாயார் ஒப்புவதில்லை. மறுத்துப் பேச என்னிடம் சொல் இல்லை. 2025-இல் இந்நகர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் பத்துப் பள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றைச் சுற்றிய தெருக்களில் வேகத்தைக் கட்டுப்படுத்திக் கல்மேடையிட்ட பாதை அமைப்பதாயின் அது பெருஞ்செலவாகாது. மேம்பாலம் ஒன்றின் செலவில் சிறு பகுதியே ஆகும்.

சைக்கிள் இந்நகரை விட்டு முற்றும் போய்விட்டது என்று எண்ணற்க. விடியற்காலை ஐந்து மணிக்கு நிலையத்திற்கு வேலைக்கு வரும் எவரும் அதனைக் காண்பர். செய்தித்தாள் கட்டுகளோடு பையன்கள், தேநீர்ப் பாத்திரத்தைப் பின்னால் கட்டிய வியாபாரிகள், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் முதியவர்கள் யாவரும் மேம்பாலத்தின் இடது ஓரத்தை ஒட்டி, பின்னால் வரும் லாரியின் ஒலியைச் செவியால் அளந்துகொண்டே மிதித்துச் செல்கின்றனர்.